எல்லைக்கு அப்பால் ஒரு கல்லறைத் தோட்டம்: இலண்டன் நகராட்சிகளும் மிடில்செக்ஸ் கவுண்டியும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனின் மையப் பகுதிகளைச் சேர்ந்த உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லைக்கு வெளியே, மிடில்செக்ஸ் கவுண்டியின் ஊர்களில் நிலம் வாங்கிப் பொதுக் கல்லறைத் தோட்டங்களை நிறுவின. நிலம் ஓர் ஊரில் இருந்தது. உடைமையும் ஆளுகையும் வேறோர் ஊரின் கையில் இருந்தன. அடக்கச் சட்டங்களும் அவற்றைத் தொடர்ந்த உள்ளாட்சிச் சட்டங்களும் இந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலான உறவை எவ்வாறு வரையறுத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நிலம் அமைந்த ஊருக்குச் சட்டம் அளித்த குரல், தோட்டம் தொடங்கப்படும் நேரத்தோடு முடிந்துவிட்டது. தொடர்ந்த மேற்பார்வையில் அவ்வூருக்கோ கவுண்டிக்கோ இடமில்லை. 1987இல் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் மூன்று கல்லறைத் தோட்டங்களை விற்ற நிகழ்வை இப்பின்னணியில் வைத்துக் காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதன்மைச் சொற்கள்: அடக்க வாரியம், கல்லறைத் தோட்டம், கவுண்டி மன்றம், மிடில்செக்ஸ், வெஸ்ட்மின்ஸ்டர், உள்ளாட்சி மேற்பார்வை.

முன்னுரை

நகராட்சியின் பணிகளுள் இறந்தோரை அடக்கம் செய்ய இடம் அளிப்பது தனித்தன்மை உடையது. சாலை பழுதானால் செப்பனிடலாம். பள்ளி தேவையில்லை என்றால் மூடலாம். ஒருமுறை கல்லறைத் தோட்டமாக்கிய நிலத்தை அவ்வாறு கைவிட இயலாது. அதன் வருவாய் புதிய குழிகளுக்கு இடமிருக்கும் வரைதான் வரும். பராமரிப்புச் செலவோ இடம் நிறைந்த பின்னரும் தொடரும். ஆகவே, யார் நிறுவினார்கள் என்பதைவிட, இடம் நிறைந்த பின் யார் பொறுப்பேற்கிறார்கள், அவர்களை யார் கண்காணிக்கிறார்கள் என்ற வினாக்களே வரலாற்றாய்வாளருக்கு முதன்மையானவை.

இங்கிலாந்தின் அடக்கச் சீர்திருத்தம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நோயச்சம், சுகாதார இயக்கம், தனியார் நிறுவனங்கள் நடத்திய தோட்டங்களின் கட்டடக் கலை ஆகியவற்றையே சுற்றி வருகின்றன. ஹைகேட், கென்சல் கிரீன் பற்றி எழுதப்பட்ட அளவிற்கு ஃபின்ச்லியிலும் ஹான்வெல்லிலும் உள்ள நகராட்சித் தோட்டங்கள் பற்றி எழுதப்படவில்லை. புகழ்பெற்றோர் சிலர் அங்கும் உறங்குகின்றனர். உயிரியல் அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியின் கல்லறை ஃபின்ச்லியில்தான் உள்ளது. ஆனால் அத்தோட்டங்களின் ஆய்வு மதிப்பு புகழ்பெற்ற பெயர்களில் இல்லை; அவற்றின் உடைமை அமைப்பில் இருக்கிறது.

இக்கட்டுரையில் 'பங்கு' என்பது 'பேரிஷ்' எனப்படும் அடிப்படை அலகைக் குறிக்கிறது. அது திருச்சபை அலகாகவும் வரி விதிக்கும் உள்ளாட்சி அலகாகவும் ஒருசேர விளங்கியது. அதன் வரி செலுத்துவோர் கூடும் 'வெஸ்ட்ரி' இங்குப் பங்குப் பேரவை எனப்படுகிறது. கவுண்டி நம் மாவட்டத்தோடு ஓரளவு ஒப்பிடத்தக்கது. எனினும் நம் மாவட்ட ஆட்சியரைப் போன்ற ஓர் அதிகாரி அங்கில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

1852: பங்குகளின் கைக்கு வந்த பொறுப்பு

இலண்டனின் தேவாலய முற்றங்கள் நிரம்பி வழிந்த நிலையைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தவர்களுள் ட்ரூரி லேன் பகுதியில் மருத்துவம் பார்த்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் வாக்கர் குறிப்பிடத்தக்கவர். அவரது நூல் 1839இல் வெளிவந்தது. நகரங்களில் அடக்கம் செய்யும் வழக்கம் குறித்து எட்வின் சாட்விக் 1843இல் அளித்த அறிக்கை, இப்பணியைத் தனியாரிடமும் பங்குகளிடமும் விடாது, மைய அரசே ஏற்க வேண்டும் என்றது. 1848–49ஆம் ஆண்டுகளின் காலரா அக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. 1850இல் இயற்றப்பட்ட தலைநகர் அடக்கச் சட்டம், பொதுச் சுகாதார வாரியத்திடமே இலண்டனின் அடக்கம் முழுவதையும் ஒப்படைக்க முனைந்தது. கருவூலம் பணம் தரத் தயங்கியது. தனியார் தோட்டங்களை வாங்கும் திட்டத்தில் பிராம்ப்டன் தோட்டம் மட்டுமே அரசின் கைக்கு வந்தது. இன்றுவரை அது அரசுடைமையாகவே உள்ளது. சாட்விக்கின் திட்டம் அத்துடன் நின்றது.

அதன் இடத்தில் வந்த 1852ஆம் ஆண்டின் சட்டம் முற்றிலும் வேறான வழியைத் தேர்ந்தது. ஒவ்வொரு பங்கும் விரும்பினால் ஓர் அடக்க வாரியத்தை அமைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்கள் 3 பேருக்குக் குறையாமலும் 9 பேருக்கு மிகாமலும் இருப்பர். அனைவரும் பங்கின் வரி செலுத்துவோர். நிலம் வாங்கும் செலவு ஏழைகளின் உதவிக்கென விதிக்கப்பட்ட வரியின் மீது சுமத்தப்படும். கடன் பெறப் பங்குப் பேரவையின் அனுமதியும் கருவூலத்தின் ஒப்புதலும் வேண்டும். வாரியத்தின் கணக்கைத் தணிக்கை செய்ய வாரியத்தில் இல்லாத இருவரைப் பேரவை ஆண்டுதோறும் நியமிக்கும். தலைநகரிலும் அதை ஒட்டிய பகுதியிலும் புதிய தோட்டம் அமைக்க உள்துறை அமைச்சரின் ஒப்புதல் தேவை. 1853ஆம் ஆண்டின் சட்டம் இவ்வமைப்பை நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரித்தது.

இவ்வமைப்பின் மேற்பார்வைக் கோடுகளைக் கூர்ந்து நோக்கினால் இரண்டு மட்டுமே தென்படுகின்றன. ஒன்று கீழிருந்து மேலே செல்வது: வரி செலுத்துவோர், பேரவை, வாரியம். மற்றொன்று மேலிருந்து கீழே வருவது: கருவூலம், உள்துறை, அதன் அடக்க ஆய்வாளர்கள். ஜான் சதர்லாண்ட், ஆர். டி. கிரெயிஞ்சர், பி. எச். ஹாலண்ட் ஆகிய மருத்துவர்கள் அவ்வாய்வுப் பணியில் ஈடுபட்டனர். பக்கவாட்டில், அதாவது ஓர் உள்ளாட்சிக்கும் மற்றோர் உள்ளாட்சிக்கும் இடையில், எந்தக் கோடும் இல்லை. வாரியம் தன் பங்கிற்குள் நிலம் வாங்கும் என்றால் இது குறையன்று. ஆனால் சட்டமே பங்கின் எல்லைக்கு வெளியிலும் நிலம் வாங்க வழிவிட்டது. மையப் பங்குகளுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

செயிண்ட் பேங்க்ரஸ் பங்கு முதலில் நகர்ந்தது. ஃபின்ச்லி பொதுவெளியில் ஹார்ஸ்ஷூ பண்ணை எனப்பட்ட 88 ஏக்கர் நிலத்தை 1853இல் வாங்கி, அதில் ஒரு பகுதியை இஸ்லிங்டன் பங்கிற்கு அளித்தது. 1854இல் திறக்கப்பட்ட இத்தோட்டமே இலண்டனில் பொது உடைமையாக அமைந்த முதல் நகராட்சிக் கல்லறைத் தோட்டம். ஒரே நிலத்தை இரு பங்குகள் பகிர்ந்துகொண்ட இம்முறை, ஒத்துழைப்புக்குத் தொடக்க காலத்திலேயே கிடைத்த நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் ஒத்துழைத்தவை நிலத்தை வாங்கிய இரு பங்குகளே. ஃபின்ச்லி அதில் இல்லை. ஹேனோவர் சதுக்கத்தின் செயிண்ட் ஜார்ஜ் பங்கு அதே 1854இல் ஹான்வெல்லில் தோட்டம் திறந்தது. செயிண்ட் மேரிலபோன் பங்கு ஃபின்ச்லியின் மற்றொரு பண்ணையையும், பேடிங்டன் பங்கு வில்ஸ்டனில் ஒரு நிலத்தையும் நாடின. இலண்டன் மாநகரின் பழைய நகரப்பகுதி எசெக்ஸ் கவுண்டிக்கே சென்று 1856இல் இல்ஃபோர்டு அருகே பெருந்தோட்டம் ஒன்றைத் திறந்தது.

நிலம் அமைந்த ஊரின் குரல்

சட்டம் ஃபின்ச்லி போன்ற ஊர்களை முற்றிலும் மறந்துவிட்டது எனக் கூற இயலாது. மூன்று இடங்களில் அது அவற்றை நினைவுகூர்ந்தது. மூன்றும் தனித்தனியே நோக்கத்தக்கவை.

முதலாவது, தொலைவு. வீட்டிலிருந்து 100 கெஜத்திற்குள் புதிய நிலத்தை அடக்கத்திற்குப் பயன்படுத்த வேண்டுமானால் அவ்வீட்டின் உரிமையாளர், குத்தகையாளர், குடியிருப்போர் ஆகியோரின் எழுத்துமூல இசைவு வேண்டும் என 1855ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. இங்குக் குரல் தனிமனிதருக்கு அளிக்கப்பட்டது, ஊருக்கு அன்று. நூறு கெஜத்திற்கு அப்பால் ஊர் முழுதும் எதிர்த்தாலும் அவ்விதி தடையாக நிற்காது.

இரண்டாவது, வரி. இதுவே என் பார்வையில் மூன்றனுள் மிக முக்கியமானது. ஆனால் மிகக் குறைவாகவே பேசப்படுவது. அடக்கத்திற்கென வாங்கிய நிலம், அப்பயன்பாட்டில் இருக்கும் வரை, வாங்கிய காலத்தில் இருந்த மதிப்பைவிடக் கூடுதலாகக் கவுண்டி வரிக்கோ பங்கு வரிக்கோ பிற உள்ளூர் வரிக்கோ மதிப்பிடப்படக் கூடாது என்று அதே 1855ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 1850களில் ஃபின்ச்லியும் ஹான்வெல்லும் பண்ணை நிலங்கள். இருப்புப்பாதையும் குடியிருப்புகளும் பெருக, அந்நிலங்களின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. சுற்றியுள்ள நிலம் வீடுகளாகி உயர்ந்த வரி செலுத்தியபோது, கல்லறைத் தோட்டமான நிலம் பண்ணையின் பழைய மதிப்பிலேயே நின்றது. சவ ஊர்வலங்கள் செல்லும் சாலையைப் பேணும் செலவு ஊருக்கு. உறைந்துபோன வரியும் ஊருக்கு. நகரத்தின் வரி செலுத்துவோர்க்கு அளித்த சலுகையின் சுமையைக் கவுண்டியும் அவ்வூரும் தாங்கின. பொதுநலன் கருதிய சலுகை என்று இதற்கு விளக்கம் கூறலாம். தன் ஊரில் தோட்டம் அமைத்த பங்கிற்கு அவ்விளக்கம் பொருந்தும். வேறோர் ஊரில் அமைத்த பங்கிற்கு அது அயலார் பணத்தில் பெற்ற நன்மையே.

மூன்றாவது, அறிவிப்பு. 1879ஆம் ஆண்டின் பொதுச் சுகாதார அடக்கச் சட்டம், அடக்க வாரியம் என்ற தனி அமைப்பு இல்லாமலேயே சுகாதார ஆணையங்கள் தோட்டம் அமைக்க வழி செய்தது. தம் எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் அமைக்கலாம். வெளியே அமைப்பதாயின், எல்லைக்கு வெளியே கழிவுநீர்ப் பணிகளை மேற்கொள்வதற்கு 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் விதித்த நெறிமுறைகள் இதற்கும் பொருந்தும் என்றது. அந்நெறிமுறைகளின்படி மூன்று மாதங்களுக்கு முன் செய்தித்தாளில் அறிவிக்க வேண்டும். நில உடைமையாளருக்கும் பங்கின் அலுவலருக்கும் சாலைகளுக்குப் பொறுப்பான அமைப்புக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். எதிர்ப்பு வந்தால் ஆய்வாளர் விசாரணை நடத்தி, உள்ளாட்சி வாரியம் ஒப்பிய பின்னரே பணி தொடங்கலாம்.

நிலம் அமைந்த ஊர், ஓர் அமைப்பு என்ற முறையில், தன் எதிர்ப்பைப் பதிவு செய்ய இச்சட்டம் ஒரு வாயில் திறந்தது. அவ்வாயில் சாக்கடைக்கென வெட்டப்பட்ட வாயில் என்பதில் ஒரு நகைமுரண் உண்டு. சட்ட வரைவாளரின் சுருக்க நாட்டமே இதற்குக் காரணமாக இருக்கலாம். எல்லைக்கு வெளியே பணி செய்வது பற்றி ஏற்கெனவே இருந்த ஒரே முழுமையான நெறிமுறையை அவர் எடுத்தாண்டார். ஆயினும் விளைவு கருதத்தக்கது. கழிவுநீர்ப் பண்ணையை எதிர்க்கும் ஊர் தன் உடல்நலத்தையும் நில மதிப்பையும் முன்வைத்து எதிர்க்கும். கல்லறைத் தோட்டத்தையும் அதே சொற்களில்தான் எதிர்க்க முடிந்தது. தோட்டம் எவ்வாறு பேணப்படும், பதிவேடு எங்கே இருக்கும், நூறாண்டு கழித்து யார் பொறுப்பு என்று கேட்க அந்நெறிமுறையில் இடமில்லை.

இம்மூன்றையும் ஒருசேர நோக்கும்போது ஒரு பொதுக்கூறு தெரிகிறது. இசைவு, மதிப்பீடு, அறிவிப்பு ஆகிய மூன்றும் தோட்டம் தோன்றும் கணத்தோடு தொடர்புடையவை. தோட்டம் திறக்கப்பட்ட மறுநாள் முதல் நிலம் அமைந்த ஊருக்கு அதன்மேல் ஆளுகைப் பங்கு எதுவும் இல்லை.

மனிதர் நகரவில்லை, எல்லை நகர்ந்தது

1854இல் செயிண்ட் மேரிலபோனும் ஃபின்ச்லியும் ஒரே கவுண்டியில், மிடில்செக்ஸில், இருந்தன. ஆகவே பங்கு மாறினாலும் கவுண்டி மாறவில்லை. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி 1889இல் கவுண்டி மன்றங்கள் செயற்படத் தொடங்கியபோது இலண்டன் தனிக் கவுண்டி ஆயிற்று. மேரிலபோன், பேங்க்ரஸ், இஸ்லிங்டன், பேடிங்டன், செயிண்ட் ஜார்ஜ் ஆகிய பங்குகள் இலண்டன் கவுண்டிக்குள் சென்றன. ஃபின்ச்லி, ஹான்வெல், வில்ஸ்டன் ஆகியவை மிடில்செக்ஸிலேயே நின்றன. ஒரே கவுண்டிக்குள் இருந்த உறவு ஓரிரவில் இரு கவுண்டிகளுக்கு இடையிலான உறவாகிவிட்டது. நிலத்தை உடைய அமைப்பு ஒரு கவுண்டி மன்றத்தின் கீழும், நிலம் மற்றொரு கவுண்டி மன்றத்தின் எல்லையிலும் அமைந்தன.

புதிய கவுண்டி மன்றங்கள் இவ்விடைவெளியை நிரப்பியிருக்கலாம். சட்டம் அவற்றுக்கு அப்பணியை அளிக்கவில்லை. 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஊர்ப்புறப் பங்குகளின் அடக்க வாரியங்களைப் பங்கு மன்றங்களுக்கு மாற்றியது. பங்கு மன்றம் கடன் பெறக் கவுண்டி மன்றத்தின் இசைவு வேண்டும் என்றது. ஒரே அடக்க வாரியத்தின் கீழ்ப் பல பங்குகள் இருந்தால் அவை கூட்டுக் குழு அமைத்து நடத்த வழி செய்தது. ஊர்ப்புறத்தில் கவுண்டி மன்றத்துக்குக் கடன்வழியே ஒரு பிடி கிடைத்தது எனலாம். பணம் கடனாக வாங்கப்படும் போது மட்டும் இறுகும் பிடி அது. இலண்டன் பங்குகளின் தோட்டங்களுக்கு அதுவும் இல்லை. 1899ஆம் ஆண்டின் இலண்டன் ஆட்சிச் சட்டம் அவற்றின் அடக்கப் பொறுப்பைப் புதிதாக அமைந்த மாநகரப் பரோ மன்றங்களிடம் சேர்த்தது.

இலண்டன் கவுண்டி மன்றம் அடக்கத் துறையில் செய்த குறிப்பிடத்தக்க பணி, மூடப்பட்ட கல்லறை நிலங்களைப் பற்றியது. அந்நிலங்களில் கட்டடம் எழுப்புவதை 1884ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. அவற்றைக் கண்டறிந்து பட்டியலிடும் பணியில் இசபெல்லா ஹோம்ஸ் ஈடுபட்டார். தெருத்தெருவாக நடந்து அவர் திரட்டிய செய்திகள் கவுண்டி மன்றத்துக்குப் பயன்பட்டன. அவரது நூல் 1896இல் வெளிவந்தது. கவுண்டி என்ற அலகு பயன்பாட்டில் உள்ள தோட்டங்களுக்கு அயலாக நின்று, பயன்பாடற்ற நிலங்களின் எண்ணிக்கையில் மட்டும் அக்கறை காட்டிய நிலை, அதிகாரப் பகிர்வின் விளைவே.

1965: உடைமை ஒருங்கிணைகிறது, உறவு அவ்வாறில்லை

1963ஆம் ஆண்டின் இலண்டன் ஆட்சிச் சட்டம் 1965 ஏப்ரல் 1 முதல் செயற்பட்டபோது மிடில்செக்ஸ் கவுண்டி மன்றமும் இலண்டன் கவுண்டி மன்றமும் மறைந்தன. பழைய வெஸ்ட்மின்ஸ்டர், மேரிலபோன், பேடிங்டன் ஆகிய மூன்று பரோக்களும் இணைந்து புதிய வெஸ்ட்மின்ஸ்டர் நகரம் ஆயின. அத்துடன் அவற்றின் தோட்டங்கள் அனைத்தும் ஒரே மன்றத்தின் உடைமையாயின: செயிண்ட் ஜார்ஜ் பங்கு நிறுவிய ஹான்வெல் தோட்டம், மேரிலபோன் நிறுவிய கிழக்கு ஃபின்ச்லி தோட்டம், பேடிங்டன் நிறுவிய வில்ஸ்டன் தோட்டமும் 1936இல் மில் ஹில்லில் திறந்த புதிய தோட்டமும். இவற்றுள் ஒன்றுகூட வெஸ்ட்மின்ஸ்டர் எல்லைக்குள் இல்லை. ஹான்வெல் ஈலிங் பரோவிலும், கிழக்கு ஃபின்ச்லியும் மில் ஹில்லும் பார்னெட் பரோவிலும், வில்ஸ்டன் பிரெண்ட் பரோவிலும் அமைந்தன.

அடுத்து வந்த 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பழைய அடக்கச் சட்டங்களின் பெரும்பகுதியை நீக்கி, அடக்க ஆணையங்கள் எவை என வரையறுத்தது. இங்கிலாந்தில் மாவட்ட மன்றங்கள், இலண்டன் பரோக்கள், பங்கு மன்றங்கள் முதலியன அப்பட்டியலில் இடம்பெற்றன. கவுண்டி மன்றங்கள் இடம்பெறவில்லை. அடக்க ஆணையம் தன் எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ தோட்டம் அமைத்துப் பேணலாம் என்ற 1850களின் வாய்ப்பு அப்படியே தொடர்ந்தது. ஒத்துழைப்புக்கென ஒரு விதியும் சேர்ந்தது: தன் பகுதி மக்கள் அடக்கம் செய்யப்படக்கூடிய தோட்டத்தை வேறொருவர் நடத்தினால், அதன் செலவில் ஓர் ஆணையம் பங்களிக்கலாம். 'பங்களிக்கலாம்' என்பதே விதி. 'பங்களிக்க வேண்டும்' என்பதன்று. 1977ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கல்லறைத் தோட்ட ஆணை நல்ல நிலையில் பேணுதல், பதிவேடு வைத்தல், 100 ஆண்டுக்கு மிகாத காலத்திற்குத் தனியுரிமை அளித்தல் ஆகியவற்றை நெறிப்படுத்தியது. அவ்வாணை அடக்க ஆணையங்களின் தோட்டங்களுக்கே உரியது. நிலம் தனியார் கைக்குப் போனால் ஆணையின் காப்பும் நிலத்தோடு போவதில்லை. இந்த ஓட்டை 1987 வரை எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

பதினைந்து பென்ஸ்

ஷெர்லி போர்ட்டர் தலைமையிலான வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் ஹான்வெல், கிழக்கு ஃபின்ச்லி, மில் ஹில் ஆகிய மூன்று தோட்டங்களையும் 1987இல் விற்றது. ஒரு தோட்டத்தின் விலை 5 பென்ஸ். மூன்றுக்கும் 15 பென்ஸ். தோட்டங்களோடு அவற்றைச் சார்ந்த கட்டடங்களும் கட்டுமானத்துக்கு ஏற்ற நிலங்களும் கைமாறின. வாங்கியோர் நிலத்தைப் பிறருக்கு விற்றனர். தோட்டங்கள் புதர் மண்டின. உறவினர்களின் புகார்களும் பொதுமக்களின் கண்டனமும் எழுந்த பின்னர், மன்றம் தோட்டங்களைத் திரும்ப வாங்க நேர்ந்தது. திரும்ப வாங்கிய செலவாகப் பரவலாகக் குறிக்கப்படும் தொகை 42.5 லட்சம் பவுண்டு. மதிப்புமிக்க துணை நிலங்கள் அதனுடன் திரும்பி வரவில்லை.

இந்நிகழ்வு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் போர்ட்டரின் ஆளுமையையும் அக்காலத்தின் தனியார்மயக் கொள்கையையும் சுற்றியே அமைகின்றன. அவரது தலைமையிலான மன்றத்தின் வீட்டு விற்பனைக் கொள்கை 2001இல் பிரபுக்கள் அவை வரை சென்று சட்டவிரோதம் எனத் தீர்க்கப்பட்டதால், கல்லறை விற்பனையும் அதே வரிசையில் ஒரு துணைக்கதையாக ஆகிவிட்டது. இவ்விளக்கம் தவறு எனச் சொல்வதற்கில்லை. ஆனால் அது ஒரு வினாவுக்கு விடை அளிக்கவில்லை: ஒரு நகர மன்றம் பல்லாயிரம் கல்லறைகளை விற்கத் துணிவதற்கான சூழலை எது அளித்தது?

வெஸ்ட்மின்ஸ்டரின் வரி செலுத்துவோர் பார்வையில் அத்தோட்டங்கள் தொலைவில் இருக்கும் செலவினங்கள். அவர்களுள் பெரும்பாலோர் அத்தோட்டங்களை ஒருநாளும் கடந்து சென்றதில்லை. தோட்டங்களை நாள்தோறும் கண்டவர்கள் ஈலிங், பார்னெட் குடிமக்கள். அவர்களுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் வாக்கு இல்லை. அடக்கமானோரின் உறவினர் இங்கிலாந்து முழுதும் சிதறியிருந்தனர். 1852ஆம் ஆண்டின் சட்டம் வாரியத்தை அதன் வரி செலுத்துவோரின் கண்காணிப்பில் விட்டபோது, வரி செலுத்துவோரும் தோட்டத்தைப் பயன்படுத்துவோரும் ஒருவரே என்று கருதியது. 1850களில் அது உண்மை. 1987இல் அது உண்மையன்று. நிலம் அமைந்த பரோக்களுக்கு விற்பனையைத் தடுக்க அடக்கச் சட்டம் எந்த அதிகாரமும் அளிக்கவில்லை. நில விற்பனையில் இயன்ற உயர்ந்த விலையைப் பெற வேண்டும் என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி மத்திய அரசையும் தணிக்கையாளரையும் நோக்கியது, அண்டை மன்றத்தை நோக்கியதன்று.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு அதே மன்றத்தின் வரலாற்றிலேயே உண்டு. பேடிங்டன் பங்கு 1855இல் வில்ஸ்டனில் திறந்த பழைய தோட்டம் 1987இல் விற்கப்பட்டவற்றுள் இல்லை. 1980களின் நடுவில் அது, நிலம் அமைந்த பிரெண்ட் பரோ மன்றத்தின் உடைமையானது. ஓர் அடக்க ஆணையத்திலிருந்து மற்றோர் அடக்க ஆணையத்திற்குச் சென்றதால் 1977ஆம் ஆண்டு ஆணையின் காப்பு அறுபடவில்லை. நிலமும் ஆளுகையும் ஓர் எல்லைக்குள் வந்தன. ஒரே மன்றம், ஏறத்தாழ ஒரே காலம், ஒரே வகை உடைமை. முடிவுகளோ இரு துருவங்கள். ஆகவே விற்பனையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்ற வாதம் நிலைபெறாது. அண்டை மன்றத்தோடு பேச வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவே.

சென்னைச் சட்டங்களில் ஒரு தொடர்ச்சி

இங்கிலாந்தின் இவ்வரலாறு தமிழக உள்ளாட்சி ஆய்வாளர்க்கு முற்றிலும் அயலானதன்று. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், போதிய இடமில்லாத நிலையில் இடுகாடும் சுடுகாடும் ஏற்படுத்துவதை நகராட்சியின் கடமையாக்கின. எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ அவற்றை ஏற்படுத்தலாம் என்ற வாய்ப்பு இங்கும் காணப்படுகிறது. சொற்கட்டின் ஒற்றுமை தற்செயல் என்று தோன்றவில்லை.

ஆனால் சென்னைச் சட்டங்கள் அடுத்த அடியையும் எடுத்து வைத்தன. நகராட்சி தன் எல்லைக்கு வெளியே இடுகாடு ஏற்படுத்தினால், எல்லைக்கு உள்ளே இருக்கும் இடுகாட்டுக்குரிய சட்டவிதிகளும் துணைவிதிகளும் அதற்கும் பொருந்தும். அங்கு நிகழும் விதிமீறல் எல்லைக்குள் நிகழ்ந்ததாகவே கருதப்படும். இங்கிலாந்து உடைமையை மட்டும் எல்லை தாண்ட விட்டது. சென்னை ஆளுகையையும் உடன் அனுப்பியது. ஏற்கெனவே உள்ள இடுகாடுகளைப் பதிவு செய்தல், புதியவற்றுக்கு உரிமம் பெறுதல் ஆகிய விதிகள் தனியார் இடங்களையும் உட்படுத்தியமையால், உடைமை கைமாறினாலும் கண்காணிப்பு நிலத்தோடு நின்றது. 1977ஆம் ஆண்டின் ஆங்கில ஆணை உடைமையாளர் யார் என்று கேட்டது. சென்னைச் சட்டங்கள் அந்நிலத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டன.

இவ்வேறுபாட்டைக் குடியேற்ற ஆட்சியின் நன்மை எனக் கொள்ள முடியாது. மக்களை நம்பாத ஆட்சி, உரிமத்தையும் பதிவையும் தன் இயல்பான கருவிகளாகக் கொண்டது. இடுகாடும் அதற்குள் அகப்பட்டது. தவிர, எல்லைக்கு வெளியே நீளும் நகராட்சியின் ஆளுகை, அங்கிருக்கும் ஊராட்சியின் குரலுக்கு இடம் தருவதாகவும் இல்லை. ஃபின்ச்லியின் நிலையில் இருக்கும் ஊராட்சிக்குச் சென்னைச் சட்டங்களின் அவ்வுட்பிரிவும் மௌனத்தையே அளித்தது.

இங்கிலாந்தில் இவ்வினா இன்னும் மூடப்படவில்லை. அடக்கம், எரியூட்டல் பற்றிய சட்டங்களை மறு ஆய்வு செய்யும் சட்ட ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை, தனியார் தோட்டங்களையும் நகராட்சித் தோட்டங்களையும் ஒரே பராமரிப்பு நெறிக்குள் கொண்டுவருவது குறித்துக் கருத்துக் கேட்டது. ஹான்வெல், கிழக்கு ஃபின்ச்லி, மில் ஹில் தோட்டங்கள் இப்போது மீண்டும் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தின் உடைமை. அவை அமைந்திருப்பது முன்போலவே ஈலிங்கிலும் பார்னெட்டிலும்.